வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நெல்: பாரம்பரியமும் நவீனமும் கைகோத்தால் விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு வருடமும் நவம்பர் வந்தால் எங்கள் செய்தி டெஸ்க்கில் ஒரு தலைப்பு தவறாமல் வந்து நிற்கும். 'டெல்டாவில் இத்தனை ஆயிரம் ஏக்கர் சம்பா பயிர் நீரில் மூழ்கியது.' மாவட்டத்தின் பெயரும் ஏக்கர் கணக்கும்தான் மாறும்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கலாம். அப்போது வயலில் நின்ற விவசாயிகள் கேட்ட கேள்வி ஒன்றுதான். தண்ணி வடிய எத்தனை நாள் ஆகும்? நாலு நாளில் வடிந்தால் பயிர் தப்பிக்கும். ஒரு வாரத்தைத் தாண்டினால் நாற்று, உரம், நடவுக் கூலி என்று போட்ட காசு மொத்தமும் அழுகிப் போகும்.

இதே நேரத்தில் சமூக வலைதளங்களில் வேறொரு சண்டை நடக்கும். 'நம்ம பாரம்பரிய நெல்லைப் போட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?' என்று ஒரு தரப்பு கேட்கும். 'பழசை வச்சு ஊருக்கே சோறு போட முடியுமா?' என்று இன்னொரு தரப்பு திருப்பிக் கேட்கும்.

இரண்டு பேரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு வாரம் தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத நெல் ஏற்கெனவே விதையாகக் கிடைக்கிறது. அதைத் தந்தது பாரம்பரியம் மட்டுமல்ல, நவீன அறிவியல் மட்டுமும் அல்ல. அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நெல்

சாதாரண நெற்பயிர் முழுசாக மூழ்கினால் என்ன செய்யும்? வெளிச்சத்தையும் காற்றையும் தேடி மேலே வர முயற்சி செய்யும். தண்டும் இலையும் வேகமாக நீளும். அதற்குச் சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் செலவழித்துவிடும். தண்ணீர் வடியும்போது பயிரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. அப்படியே துவண்டு சாய்ந்துவிடும்.

ஒடிசாவின் தாழ்வான வயல்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்த ஒரு நெல் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சக்தியைச் சேமித்து அப்படியே காத்திருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி துளிர்க்கும். நாம் தண்ணீருக்குள் முங்கி மூச்சைப் பிடித்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த வகைதான் எஃப்.ஆர்.13ஏ.

ஆனால் அதில் ஒரு சிக்கல். வெள்ளத்தைத் தாங்கும், விளைச்சல் குறைவு. அரிசியும் சந்தை கேட்கிற மாதிரி இல்லை. பல வருடங்கள் சாதாரண முறையில் ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து, இந்தக் குணத்துக்குக் காரணமான 'சப்1ஏ' என்ற மரபணுவைக் கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். அதன் பிறகு வேலை எளிதானது. இந்தியாவில் பெரிய பரப்பில் விளையும் 'ஸ்வர்ணா' ரகத்தோடு ஒட்டுச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு அடையாளத்தைப் பரிசோதித்து, வேண்டிய செடியை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இது மரபணு மாற்றப் பயிர் கிடையாது. நெல்லோடு நெல்லைச் சேர்க்கும் பழைய ஒட்டு முறைதான். எந்தச் செடியை வைத்துக்கொள்வது என்று சொல்வதற்கு மட்டும் ஆய்வகம் உதவியது.

அப்படி வந்த 'ஸ்வர்ணா சப்-1' 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. அதே வழியில் நம்ம டெல்டா விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான சி.ஆர்.1009 ரகத்திலும் 'சப்-1' வகை வந்துவிட்டது. வழக்கமான சி.ஆர்.1009 போலவே நீண்ட நாள் பயிர், சம்பா பட்டத்துக்கு ஏற்றது.

ஒடிசாவில் நடந்த கள ஆய்வு ஒன்று இன்னொரு முக்கியமான விஷயத்தையும் சொன்னது. வெள்ளம் அதிகம் நிற்கும் பள்ளமான நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சமூகத்து விவசாயிகளின் கையில் இருந்தன. அதனால் இந்த விதையின் பலனும் அவர்களுக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது. நிலத்தை எப்படிப் பங்கு போட்டார்கள் என்ற பழைய கணக்கு, வெள்ளம் வரும்போது இப்படித்தான் வெளியே தெரிகிறது.

இதற்கும் எல்லை உண்டு. பயிர் பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ, மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றாலோ, அறுவடை நேரத்தில் மழை அடித்துக் கதிர் சாய்ந்தாலோ சப்-1 காப்பாற்றாது. விதையை மாற்றிவிட்டோம் என்று வடிகால் வாய்க்காலைத் தூர்வாராமல் விடவும் முடியாது.

'நவீன ரகம்' என்பதற்குள் இருக்கும் பழைய நெல்

பாரம்பரிய ரகம் தனி, ஐ.ஆர். ரகம் தனி என்றுதான் நாம் பேசுகிறோம். வம்சாவளியைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் அப்படி இல்லை.

கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கோணமணி என்ற உள்ளூர் நெல்லிலிருந்து ஜி.இ.பி.24 என்ற ரகம் 1921-ல் வந்தது. சன்னமான அரிசி. இந்த ஜி.இ.பி.24-ஐ இன்னொரு கோவை ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து டி.கே.எம்.6 உருவானது. அந்த டி.கே.எம்.6-ஐ ஒரு பெற்றோராக வைத்து வந்ததுதான் ஐ.ஆர்.20. நம்ம அம்மா அப்பா காலத்தில் தமிழ்நாட்டு வயல்களிலும் வீடுகளிலும் நிறைந்திருந்த அதே ஐ.ஆர்.20.

1966-ல் ஆடுதுறையில் வெளியிட்ட ஏ.டி.டி.27-ம் அப்படித்தான். ஜப்பானிய நெல்லும் ஜி.இ.பி.24-ம் சேர்ந்தது.

கேரளாவின் எர்ணாகுளம் பக்கம் கடலோரத்தில் விளையும் பொக்காளி நெல் உப்புத் தண்ணீரைத் தாங்கும். உப்பைத் தாங்கும் புது ரகங்களை உருவாக்க உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவது பொக்காளியிலிருந்து வந்த மரபணுப் பகுதியைத்தான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடல் நீர் உள்ளே வந்து நிலம் உவர்ப்பாகிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பழைய நெல் விவசாயியின் குதிரில் உயிரோடு இருந்ததால்தான் புது நெல் ஆய்வகத்தில் பிறந்தது. குதிர் காலியாகிவிட்டால் ஆய்வகத்துக்கும் வேலை இல்லை.

குதிரைக் காப்பாற்றியவர்கள்

இங்கேதான் நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் வருகிறார்கள். வேளாண் பட்டதாரியான நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்தைப் பரப்ப ஊர் ஊராக நடந்தவர். 2013 டிசம்பர் 30-ம் தேதி காலமானார். அவர் வழியில் வந்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார்.

அவர் வைத்த விதி ரொம்ப எளிமையானது. 2 கிலோ விதை நெல்லை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் 2 விவசாயிகளுக்குப் போகும். பெரிய குளிர்பதனக் கிடங்கு இல்லை, ரகம் வயலிலேயே பாதுகாக்கப்பட்டது.

2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். 2021-ல் தமிழ்நாடு அரசு தாக்கல் செய்த முதல் தனி வேளாண் பட்ஜெட்டில், அவர் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்டது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

விதை மட்டும் இல்லை, தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆனால் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற பேச்சு நம்ம ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. வயலைக் கொஞ்சம் காயவிட்டு, பிறகு பாய்ச்சுவது.

இதில் விவசாயிக்கு ஒரு பயம் உண்டு. எவ்வளவு காயவிடலாம்? ஒரு நாள் தப்பினாலும் பயிர் வாடிவிடுமே! அந்தப் பயத்துக்குத்தான் அறிவியல் ஒரு சின்னக் கருவியைத் தந்தது. துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். அதை வயலில் பதித்துவிட்டால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போகும்வரை கவலை இல்லை. அதற்குப் பிறகு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வைத்தால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் பாசனத் தண்ணீரில் 30 சதவீதம் வரை மிச்சப்படுத்த முடியும். தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவும் குறையும். மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஜூன் 12-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கும் டெல்டாவுக்கு இந்தக் கணக்கு சின்ன விஷயம் இல்லை.

ஒற்றை நாற்று நடவும் இப்படித்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் இதைப் பரப்ப முயற்சி நடந்தது. பிறகு 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானி என்ற பாதிரியார், அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து இளம் நாற்று, ஒற்றை நாற்று, அகலமான இடைவெளி, குறைந்த தண்ணீர் என்று ஒரு முழு முறையாக்கினார். அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது 'திருந்திய நெல் சாகுபடி' ஆனது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 'ராஜராஜன் 1000' என்றும் பெயர் வைத்தார்கள்.

14 நாள் நாற்று. குத்துக்கு ஒன்று. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். வழக்கமான முறைக்கு இதைப்போலப் பல மடங்கு வேண்டும். அப்புறம் ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை? கூலி ஆள் பிரச்சினைதான். சின்ன நாற்றைப் பார்த்துப் பார்த்து நடவும், கோனோ வீடரைச் சேற்றில் தள்ளவும் பழக்கம் வேண்டும். உடம்பு வலியும் அதிகம். டெல்டாவில் நடவு செய்வது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பயிற்சியும் சரியான கூலியும் தராமல் 'இந்த முறை சிறந்தது' என்று மேடையில் சொல்வதால் எதுவும் நடக்காது.

கொல்லிமலை கற்றுத் தரும் பாடம்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் காலங்காலமாக விளைந்தவை. ஒரு கட்டத்தில் இவை குறைந்து, மரவள்ளி பரவியது. மக்கள் பாரம்பரியத்தை மறந்துவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையான காரணங்களில் ஒன்று உரல்.

சாமையின் உமியை நீக்குவது சாதாரண வேலை இல்லை. உலக்கையால் மணிக்கணக்கில் குத்த வேண்டும். அதைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள். மரவள்ளிக்கு அந்தப் பாடு கிடையாது, விற்றால் கையில் காசும் கிடைக்கும். யார் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே செய்த வேலையில் முக்கியமானது, ஊருக்குள்ளேயே சிறுதானிய அரைவை இயந்திரங்களைக் கொண்டு வந்தது. கூடவே விதை வங்கி, சுய உதவிக் குழுக்கள், விற்பனைக்கு வழி. அந்த மலையில் பழைய தானியம் நிலைக்க ஒரு நவீன இயந்திரம் கை கொடுத்தது. 'பாட்டி காலத்து உணவு' என்று நாம் கொண்டாடும்போது, அந்தப் பாட்டியின் தோள்பட்டை வலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்ட சுவாமிநாதனே, 1968 ஜனவரியில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். மண் வளத்தைப் பார்க்காமல் உரத்தைக் கொட்டுவதும், உள்ளூர் ரகங்கள் அனைத்தையும் ஒன்றிரண்டு புது ரகங்களால் மாற்றுவதும் ஆபத்து என்பது அதன் சாரம். புரட்சி ஆரம்பித்த காலத்திலேயே வந்த எச்சரிக்கை அது.

அப்போ ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

இதற்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடை விதித்தது. நாடு முழுவதும் ஒரே பருவத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டும் என்பது திட்டம். போதுமான இயற்கை உரம் தயாராக இல்லை. விவசாயிகளுக்குப் பயிற்சி இல்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று தமிழ் விவசாயிகளும் இந்த அடியைத் தாங்க வேண்டியிருந்தது. அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியைப் பெருமளவு இறக்குமதி செய்யும் நிலை வந்தது.

இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணைத் தேற்ற வருடங்கள் ஆகும். அதை ஒரே உத்தரவில் செய்ய நினைத்ததுதான் தோற்றது.

இதற்கு நேர்மாறாக, சத்தமே இல்லாமல் நடந்த ஒரு மாற்றம் நம்ம ஊர் உரக்கடையில் இருக்கிறது. யூரியாவில் வேப்பம் புண்ணாக்கு கலந்து போடுவது விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். தழைச்சத்து ஒரேயடியாகக் கரைந்து வீணாகாமல் மெதுவாகப் பயிருக்குக் கிடைக்கும். இதையே அடிப்படையாக வைத்து, 2015-ல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதையும் வேப்ப எண்ணெய் பூசித்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. இன்று மூட்டை வாங்கும் விவசாயி வேப்ப மரத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

பழசு எல்லாமே சரியா?

இல்லை. வாட்ஸ்ஆப்பில் 'இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும்' என்று வரும் பதிவுகளை அப்படியே நம்ப வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்றவற்றைத் தீட்டாமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் அரிசிதான், அளவு முக்கியம். மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

வயலிலும் அப்படியே. காட்டுயானம் ஆள் உயரத்துக்கு வளரும், 6 மாதம் வரை வயலில் நிற்கும். பூங்கார் குறுகிய காலத்தில் அறுவடைக்கு வரும். குழியடிச்சான் உவர் நிலத்தைத் தாங்கும். எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு என்று தெரிந்து போட்டால்தான் பலன். தவிர, பெரும்பாலான பாரம்பரிய ரகங்களின் விளைச்சல் புது ரகங்களைவிடக் குறைவு. உரத்தைக் கூட்டினால் சாய்ந்துவிடும். செலவு குறைவதும், வைக்கோல் நிறையக் கிடைப்பதும் அதில் ஒரு பகுதியை ஈடு கட்டும். முழுவதையும் ஈடு கட்ட நல்ல விலை வேண்டும்.

விவசாயிக்கு என்ன சிக்கல்?

முதலில் விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,369 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை தனி. இதில் பாரம்பரிய ரகத்துக்கென்று தனி விலை இல்லை. கொள்முதல் நிலையத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் மற்ற நெல்லும் ஒரே தராசில்தான். நகரத்துக் கடையில் அதே அரிசி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். நடுவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விளைவித்தவரின் கைக்கு வருவதில்லை. நேரடியாக விற்கவோ, சொந்தமாக அரைத்துப் பையில் போட்டு விற்கவோ முடிந்தவர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் உதவ முடியும்.

அடுத்தது விதை. கலப்பில்லாத விதை, விதைக்கும் நேரத்தில் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். சப்-1 விதைக்கும் இது பொருந்தும், தூயமல்லிக்கும் பொருந்தும். பட்டம் தப்பிய பிறகு வரும் விதை, விதை இல்லை.

கடைசியாக உரிமை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001-ன்படி, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்டு பெயர் போட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை. பாரம்பரிய ரகங்களை விவசாயிகள் பெயரிலேயே பதிவு செய்யலாம். அவற்றிலிருந்து புது ரகம் உருவாக்கி யாராவது லாபம் பார்த்தால் அதில் பங்கு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இது தெரிந்த விவசாயிகள் குறைவு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்வதாக இருந்தால், இந்தப் பத்தியைப் பகிரலாம்.

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

'பாரம்பரியமா, நவீனமா?' என்ற கேள்வி வயலில் நிற்பவருக்கு உதவாது. அவருக்குத் தேவையான கேள்விகள் வேறு. பள்ளமான நிலம் உள்ளவர்களுக்கு வெள்ளம் தாங்கும் விதை ஆடி மாதத்துக்குள் கிடைத்ததா? வடிகால் வாய்க்கால் மழைக்கு முன்னாடி தூர்வாரப்பட்டதா, மழைக்கு அப்புறமா? கடலோர வயலுக்கு எந்த நெல் சரி என்று சொல்ல வேளாண் அலுவலர் ஊருக்கு வந்தாரா? அங்கே பல வருடமாக விவசாயம் பார்க்கும் பெரியவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டாரா? பாரம்பரிய நெல்லுக்குத் தனி விலை வைப்பது குறித்து அடுத்த வேளாண் பட்ஜெட்டில் ஏதாவது வருமா?

இந்தக் கேள்விகளை ஜூனிலேயே கேட்டால், நவம்பரில் நாங்கள் போடும் தலைப்பில் உள்ள ஏக்கர் கணக்கு கொஞ்சமாவது குறையும்.